உயரம் கூட்டும் அறுவைக்கு ஜெர்மனியில் காப்பீடு கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

கருங்கலிலிருந்து செவிலியராக ஜெர்மனிக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், பெண் வீட்டார் உயரத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதாகவும், காலெலும்பை நீட்டும் அறுவைக்கு இங்குள்ள மருத்துவக் காப்பீடு பணம் தருமா, இல்லாவிட்டால் ஊரில் செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தக்கலையிலிருந்து வந்து, இங்கே எலும்பு அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பிரிவில் நெடுநாளாகப் பணிபுரிகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

காப்பீடு தராது. இரு கால்களும் நோயின்றி ஒரே நீளத்தில் இருக்கும்போது உயரத்துக்காக மட்டும் செய்யும் அறுவையை இங்குள்ள பொது மருத்துவக் காப்பீடு சிகிச்சையாகவே கருதுவதில்லை. மன உளைச்சலைக் காரணம் காட்டினால் கிடைக்கும் என்று உங்கள் அறைத்தோழர் சொன்னதும் சரியன்று. கால் நீட்டும் அறுவை பற்றிய வழக்கிலேயே, காப்பீட்டு வழக்குகளை இறுதியாக விசாரிக்கும் ஜெர்மனியின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 1993-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மனத்தின் வேதனைக்கு மனநல சிகிச்சைதான் காப்பீட்டில் கிடைக்கும்.

போலியோவாலோ விபத்தாலோ பிறவியிலேயோ ஒரு கால் குட்டையாக இருந்தால் கதை வேறு. அப்போது நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுத்த எக்ஸ்ரேயுடன் மருத்துவர் விண்ணப்பிப்பார். காப்பீடு மூன்று வாரத்துக்குள், நிபுணர் கருத்துக் கேட்டால் ஐந்து வாரத்துக்குள், முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம்.

ஆனால் கைக்காசு போட்டுச் செய்துகொள்வேன் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அறுவைக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. மருத்துவக் காரணமில்லாத அழகு அறுவையால் பின்னர் சீழ் பிடித்தாலோ எலும்பு கூடாமல் போனாலோ, ஜெர்மனியின் சமூகச் சட்டத்தில் மருத்துவக் காப்பீடு பற்றிய ஐந்தாம் நூலின் 52-ஆம் பிரிவின்படி, அந்தச் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கைக் காப்பீடு உங்களிடமே வசூலிக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகையையும் முழுவதுமாகவோ பகுதியாகவோ மறுக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். இத்தகைய சிக்கலுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் அதைக் காப்பீட்டுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். வழக்கமாக நோய்வாய்ப்பட்டால் ஆறு வாரம் வரை முதலாளி தரும் சம்பளமும், விரும்பிச் செய்துகொண்ட அறுவைக்குக் கிடைக்காது. சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதத்தைத் தாண்டினால் வேலைவழிக் காப்பீடும் நின்றுவிடும். அதன்பின் முதலாளியின் பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும்.

விடுப்பு எவ்வளவு தேவைப்படும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வெட்டிய எலும்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் விலக்க முடியும். சைபீரியாவின் குர்கானில் எலும்பு மருத்துவர் இலிசாரோவ் வகுத்த இந்த முறை, காலைச் சுற்றி வெளியே மாட்டும் வளையத்துக்குப் பதில் எலும்புக்குள் காந்தத்தால் இயங்கும் கம்பி வந்த பிறகும் மாறவில்லை. ஐந்து சென்டிமீட்டர் நீட்டவே ஐம்பது நாள். விலகிய இடைவெளியில் வளரும் புது எலும்பு இறுகப் பின்னும் பல மாதங்கள். எங்கள் பிரிவில், கீழ்க்கால் நீட்டியவர்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது குதிகால் தரையில் படாமல் விரல்நுனியில் நிற்பதைப் பார்க்கிறேன். எலும்பு நீளும் வேகத்துக்குப் பின்தசையும் நரம்பும் ஈடுகொடுப்பதில்லை. இரவு முழுவதும் வார்டில் நடக்கும் வேலை நம்முடையது, தம்பி. அந்தக் கால்களை வைத்துத்தான் உங்களுக்கு விசாவும் வீட்டுக்குப் பணமும்.

ஊரிலுள்ள பாலிசியும் கைகொடுக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்போ, உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவர் சான்றளித்த தேவையோ அல்லாமல் தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சையும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நாகர்கோவிலில் எடுத்தாலும் திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் அதில் மாற்றமில்லை.

எந்த மருத்துவமனைக்கும் முன்பணம் கட்டாதீர்கள். கால்களில் நீள வேறுபாடு இருக்குமோ என்ற ஐயமிருந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் அளந்து பாருங்கள். கல்யாணத் தரகர் பேச்சால் வீட்டில் நெருக்குகிறார்கள் என்றால் அம்மாவின் எண்ணைத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.