தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காட்டில் நடந்து விலங்கு, பறவை பார்க்க முதல்முறையாக வருகிறேன். இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

எனக்குச் சொந்த ஊர் போச்சம்பள்ளி பக்கம். உங்களிடம் இரண்டே நாள் இருப்பதால் சொல்கிறேன், முதல் நாளே காட்டுக்குள் போகாதீர்கள். ஏரிக்குப் போங்கள்.

பாரூர் பெரிய ஏரி நல்ல இடம். கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணைத் தண்ணீர், நெடுங்கல் அணைக்கட்டில் கால்வாயில் திரும்பி இங்கே வந்து சேர்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடிவதற்குள் கரைமேல் போய் உட்கார்ந்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் ஏரியில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அங்கேதான் பலரும் எழுந்து நடக்க ஆரம்பிக்கிறார்கள், கரையோரம் இருந்ததெல்லாம் பறந்துவிடுகிறது. அசையாமல் இருந்தால் கோரைக்குள்ளிருந்து நாமக்கோழி ஒவ்வொன்றாக வெளியே வரும். முக்குளிப்பான் இங்கே முங்கி, நாம் நினைக்காத இடத்தில் தலை தூக்கும். நத்தை குத்தி நாரை வந்தால் அதன் அலகைப் பாருங்கள், மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். சேற்றில் கால் வைக்கும் இடமெல்லாம் துழாவிக்கொண்டே போகும். இதைப் பார்க்கவே நான் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் சாதாரண பைனாகுலர் போதும்.

இப்போது காடு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் காவேரி வடக்கு சரணாலயம் 2014-இல் வந்தது. 2022 நவம்பரில் காவேரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்தார்கள், அது மட்டும் 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகக் காடுகளோடு ஒட்டிக் கிடப்பதால் மழை ஓய்ந்து ராகி முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கும். அதனால் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் 2024-இல் திறந்த 40 பாதைகளில் குத்திராயன் மலையும் ஒன்று. ஆன்லைனில் பதிந்தால் வழிகாட்டி கூடவே வருவார். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம், அப்போது பாதைகளை மூடிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் விடியலில், நானும் மாமா பையனும் ஜவளகிரி ரோட்டில் பைக்கில் போனோம். நல்ல பனி. நடு ரோட்டில் யானை லத்தி, ஆவி பறந்துகொண்டிருந்தது. போட்டோ எடுக்க இறங்கினேன். ராகிக் காட்டுப் பரணிலிருந்து ஒரு பெரியவர் டார்ச் அடித்து, சத்தம் போடாமல் "தம்பி, வண்டிய திருப்பு, திருப்பு" என்றார். உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் முப்பது அடி தூரத்தில் தாயும் குட்டியும் நின்றிருந்தன. ஆவி பறக்கிற லத்தி என்றால் யானை பக்கத்தில்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் இறங்கினேன், தப்பு என்னுடையதுதான். அந்தப் பெரியவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ராகிக்குக் காவல் இருந்தவர். அவரிடம் போய் "யானை எங்கே வரும், பார்க்கணும்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரே ராத்திரியில் வருடச் சாப்பாடு போய்விடும் என்ற பயத்தில் இருப்பவர்களிடம் கேட்கிற கேள்வி அது இல்லை.

இரண்டாம் நாளை ஒகேனக்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவிக் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஆற்றோர நீர்மருது, புளிய மரங்களை அண்ணாந்து பாருங்கள். நம் வீட்டு அணிலை விடப் பல மடங்கு பெரிய சாம்பல் நிற அணில் அங்கே இருக்கிறது. கிளை விட்டுக் கிளை தாவியே போகும், தரைக்கு இறங்குவது அபூர்வம். அதனால் நடுவில் நாலு மரம் வெட்டினாலும் அதற்குப் பாதை அறுந்த மாதிரிதான். பாறைமேல் மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாய் வந்து போன இடம். கண்டுவிட்டால் அங்கேயே உட்கார்ந்து காத்திருங்கள், ஆனால் தண்ணீர் ஓரம் வேண்டாம், இந்த ஆற்றில் முதலை உண்டு. நான் நாலு தடவை போய் எச்சத்தை மட்டும் பார்த்துத் திரும்பினேன். ஐந்தாவது தடவை, பரிசல் எல்லாம் கரை ஏறின பிறகு, மூன்று தலைகள் வரிசையாக ஆற்றைக் கடந்தன.