ஆயிரம் ரூபாய் பஸ் பாஸ் எடுக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூர் தேரடி பக்கம் வீடு. எனக்கு அண்ணா சாலையில் ஒரு கடையில் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. மனைவி தண்டையார்பேட்டையில் தையல் வேலைக்குப் போகிறார். தினமும் சில்லறைக்கு அல்லாட வேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்துவிட்டால் லாபமா?

பதில்: உங்களுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு எடுக்கலாம். உங்கள் மனைவிக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் அவர் விஷயம். 2021 மே மாதம் முதல் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வருமானச் சான்று, அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஏறியதும் கண்டக்டரிடம் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசு கொடுக்காவிட்டாலும் அதுவும் டிக்கெட்தான், செக்கர் ஏறினால் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வெள்ளை போர்டைப் பார்த்து ஏறினோம். எழுத்து ஓடுகிற எல்இடி போர்டு வந்த பிறகு எது சாதாரணம், எது சொகுசு என்று தூரத்தில் இருந்து தெரியாமல் போயிற்று. அதற்காகத்தான் சாதாரணப் பஸ்களுக்கு முன்னாலும் பின்னாலும் பிங்க் பெயின்ட் அடித்தார்கள். பிங்க் இல்லாத பஸ் வந்து நின்றால், படியில் கால் வைக்கும் முன்பே கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். தேரடிக்கும் தண்டையார்பேட்டைக்கும் பெரிய தூரமில்லை. அவசரமில்லாத நாளில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் மாதம் முழுக்க ஒரு பைசா செலவில்லை.

இனி உங்கள் கணக்கு. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 38 ரூபாய் சொச்சம், ஒரு தடவைக்கு 19 ரூபாய் சொச்சம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாயோ அதற்கு மேலோ செலவானால் பாஸ் லாபம். குறைந்தால் நஷ்டம்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சாதாரண பஸ் டிக்கெட் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, “நமக்குக் கட்டாது” என்று விட்டுவிடுவார்கள். நேர் பஸ்ஸுக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? வந்ததில் ஏறி, பாரிமுனையில் மாறிய நாள் எத்தனை? மாறினால் இரண்டு டிக்கெட். காலையில் கடை திறக்கும் நேரம் நெருங்கினால் சொகுசுப் பஸ்ஸிலும் ஏறத்தானே செய்கிறோம்? அதனால் உத்தேசமாகக் கணக்குப் போடாதீர்கள். வருகிற திங்கள் முதல் சனி வரை எல்லா டிக்கெட்டையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி கூட்டிப் பாருங்கள். 230 ரூபாயைத் தாண்டினால் தயங்காமல் பாஸ் எடுங்கள். பாஸ் இருந்தால் ஏசி தவிர எல்லாப் பஸ்ஸிலும் ஏறலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும் அதிலேயே அடங்கிவிடும். ஏசி பஸ்ஸும் வேண்டும் என்றால் 2025இல் வந்த 2000 ரூபாய் பாஸ் இருக்கிறது. உங்கள் போக்குவரத்துக்கு அது அதிகம்.

வாங்கும் தேதியைக் கவனியுங்கள். கவுன்ட்டரில் தருகிற பாஸ் 16ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15ஆம் தேதி முடியும். 21ஆம் தேதி போய் நின்றாலும் அதே ஆயிரம்தான் வாங்குவார்கள், ஐந்து நாள் வீண். 16க்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கப் போகிற மாதமென்றால் அந்த மாதம் எடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வியாசர்பாடியிலிருந்து மாதம் இரண்டு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பஸ்ஸில் சலுகை உண்டா?

பதில்: உண்டு. சென்னையில் 60 வயது முடிந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் இலவசம், ஆறு மாதத்துக்கானதை ஒரே தடவையில் தருவார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு சுற்று, ஜூலை முதல் டிசம்பர் வரை அடுத்தது. ரேஷன் கார்டு, ஆதார், வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு டெப்போ அல்லது பெரிய பஸ் நிலையத்தில் இருக்கும் கவுன்ட்டருக்குப் போங்கள். அப்பாவுக்கு மாதம் நான்கு டோக்கன் போதும். வழியில் பஸ் மாறினாலும் எட்டுதான். இலவசமாகக் கேட்க அவர் கூச்சப்பட்டால், இது அவர் வயதுக்கு உரிய உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் ஏறி நூறு ரூபாய் கொடுத்தேன். மீதியை டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுத்தார் கண்டக்டர். கூட்டத்தில் நானே வாங்க மறந்து இறங்கிவிட்டேன். இனி கிடைக்குமா?

பதில்: முயற்சி செய்யலாம். டிக்கெட்டை இப்போதே இரு பக்கமும் போட்டோ எடுங்கள். மெஷின் டிக்கெட்டின் எழுத்து சூட்டிலும் வியர்வையிலும் அழிந்துபோகும். இரண்டு நாள் சட்டைப் பையில் இருந்தால் பின்னால் உள்ள பேனா எழுத்து நிற்கும், முன்னால் இருக்கிற தேதியும் நேரமும் மங்கிவிடும். அவை இல்லாமல் எந்தக் கண்டக்டர் என்று யார் கண்டுபிடிப்பது? போட்டோ எடுத்ததும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் உதவி எண்ணான 149க்குப் போன் செய்து டிக்கெட்டில் உள்ள விவரங்களைச் சொல்லுங்கள். புகார் எண் கொடுத்தால் எழுதி வையுங்கள்.

அடுத்த தடவை நூறு ரூபாய் நோட்டை நீட்டுவதற்குப் பதில் யுபிஐயில் கட்டுங்கள், அல்லது பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் சிங்காரச் சென்னை அட்டையைக் காட்டுங்கள். இரண்டையும் கண்டக்டரின் மெஷின் ஏற்கும். நோட்டுதான் இருக்கிறது என்றால், இறங்க இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே எழுந்து கண்டக்டர் சீட் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.