முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூட்டு வீக்கமும் காய்ச்சலுமாக இருந்தாள். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தில் மைட்ரல் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுசுக்கும் மாத்திரை, அதனால் திசு வால்வு கேள் என்கிறார் என் மச்சான். நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். எதைக் கேட்கட்டும்?
- ஒரு தாய், பாம்பன்

பதில்: எந்த வால்வு என்பது இரண்டாவது கேள்விம்மா. "என் மகளின் சொந்த வால்வையே சரிசெய்ய முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். தடித்த இதழைச் சீவி, இதழைப் பிடித்திருக்கும் தளர்ந்த இழைக்குப் பதில் நூல் கட்டி, வளையம் வைத்து இறுக்குவார்கள். எல்லாருக்கும் முடியாது. முடிந்தாலும் சில வருஷத்தில் மறு ஆபரேஷன் வரலாம். ஆனாலும் வளரும் பிள்ளைக்கு அந்தச் சில வருஷமே பெரிய லாபம். பொருத்தும் வால்வு பிள்ளையோடு சேர்ந்து வளராது.

மாற்றித்தான் ஆகணும் என்றால், மச்சான் சொன்னது பாதி உண்மை. பன்றி, மாட்டுத் திசுவில் செய்யும் வால்வு வயதானவர்களுக்கு நன்றாக உழைக்கும். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், மறுபடி நெஞ்சைத் திறக்கணும். உலோக வால்வு லேசில் தேயாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் உருவாக்கி 1990-ல் முதலில் பொருத்திய வால்வு இன்றும் நம் நாட்டில் பலருக்கு ஓடுகிறது. ராஸ் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் அயோர்டிக் என்ற வேறொரு இதய வால்வுக்கானது.

உலோக வால்வில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். பரிசோதனை. மைட்ரல் வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5-க்குள் நிற்கணும். ராமநாதபுரத்தில் எங்கே பார்ப்பது, முடிவைச் சொன்னால் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது யார் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று கொடுக்காதீர்கள், மாத்திரையின் வேலை ஏறி இறங்கும். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுத்தாலும் பாறை கிழிக்கும், உங்களுக்கே தெரியும். வார்ஃபரின் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த ரத்தம் லேசில் நிற்காது. லீவு நாளிலும் அவளைக் கூட்டிப் போகாதீர்கள். இன்னொன்று, இந்த மாத்திரை வயிற்றில் உருவாகும் கருவைப் பாதிக்கும். பெண் பிள்ளை என்பதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, பிற்காலத்தையும் யோசித்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நான் கெஞ்சிக் கேட்பது: ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசி. வழக்கமாக 3 வாரத்துக்கு ஒன்று. ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் திரும்பினால் சரிசெய்த வால்வும் கெடும், மற்ற வால்வுகளும் கெடும். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை ஊசி தொடரணும்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு அரசு மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். சொத்தைப் பல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டும்.