மலைநாட்டுக் குடும்பத்துக்கு வேனா, குரொஸ்ஓவரா? கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கத்தில் கராஜ் நடத்துகிறேன். குரொஸ்ஓவர் என்றால் கார் போல அமைந்து, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் வாகனம். வாகன இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, குடும்பத்துக்கு வேனா குரொஸ்ஓவரா என்பதுதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், மாமா, மாமி என மொத்தம் ஏழு பேர். நான் ஹொண்டா ஃபிரீட் வேன் என்கிறேன், அவர் ஹொண்டா வெசல் குரொஸ்ஓவர்தான் வேண்டும் என்று நிற்கிறார். பிரதான வீதியிலிருந்து தோட்டப் பாதையில் இறங்கித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

டீச்சர், வெசலில் ஐந்து இருக்கைகள்தான். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மாமாவையும் மாமியையும் பஸ்ஸில் அனுப்ப அவர் தயாரா என்று கேளுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முன்சக்கர இழுவை ஃபிரீடின் அடிவயிறு தரையிலிருந்து 135 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 2013இல் வந்த முதல் வெசலில் அது 185. இரண்டு அங்குல வித்தியாசம் தோட்டப் பாதையில் பெரிய வித்தியாசம். ஏழு பேர் ஏறி அமர்ந்தால் வேனின் பின்பக்கம் இன்னும் தாழும்.

அதனால் வாங்குவதற்கு முன் அந்தப் பாதையில் ஒருமுறை குனிந்து நடந்து பாருங்கள். இரண்டு கொங்கிரீட் பட்டைகளுக்கு நடுவில் புல் முளைத்த மேடு இருக்கும். அதில் துருத்தி நிற்கும் கல்லின் தலையில் கறுத்த ஒயில் கறையும் வெள்ளிக் கீறலும் தெரிந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ அங்கே அடிபட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். பாதை கானை, அதாவது வடிகாலைக் கடக்கும் இடத்தையும் பாருங்கள். முன் பம்பர் இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே நேராக இறங்காமல் சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரத்துக்குப் பின் மறுசக்கரமாக இறக்க வேண்டும்.

இடிக்கும் இடம் ஒன்றிரண்டுதான் என்றால், தோட்டத் துரையிடம் (மேலாளரிடம்) அனுமதி கேட்டுக் கல்லைப் பெயர்த்து, கொஞ்சம் சீமெந்து போட்டுவிட்டு ஃபிரீடையே வாங்குங்கள். பாதை முழுவதும் அப்படித்தான் என்றால் ஃபிரீட் வேண்டாம், உயரமான ஏழு இருக்கை வாகனமாகத் தேடுங்கள். நிசான் எக்ஸ்டிரெயிலில் மூன்றாம் வரிசை வைத்து வந்தவையும் உண்டு. ஆனால் அந்த வரிசை பிள்ளைகளுக்கு மட்டும்தான் சரிவரும்.

தலவாக்கலை இளைஞர்: குரொஸ்ஓவர் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும்தானே அண்ணா? மழையில் பயமில்லாமல் ஏறலாம் அல்லவா?

இல்லை தம்பி. இந்த நம்பிக்கையில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். இங்கே ஓடும் வெசல், டொயோட்டா ரெய்ஸ் போன்ற குரொஸ்ஓவர்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. நான்கு சக்கர இழுவையிலும் அவை தயாராகின்றன, ஆனால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாயால் சொன்னால் நம்பாதீர்கள். பின்சக்கரங்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பாருங்கள். அங்கே டிஃபரன்ஷியலோ (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மோட்டாரோ இல்லையென்றால் பின்சக்கரம் வெறுமனே உருளத்தான் செய்கிறது.

ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், முன்பக்கம் இலேசாகிவிடும். இழுக்க வேண்டிய சக்கரம் இலேசாகிவிட்டால், பாசி பிடித்த கொங்கிரீட்டிலும் செம்மண்ணிலும் சும்மா சுற்றும். இது குரொஸ்ஓவருக்கும் பொருந்தும், ஃபிரீட், சியெண்டா, நோவா மாதிரியான முன்சக்கர வேன்களுக்கும் பொருந்தும். பின் இருக்கையில் மூவரும் அதற்குப் பின்னால் அரிசி மூட்டையும் என்றால் வேனின் நிலைமை இன்னும் மோசம். மூட்டையை நடு வரிசையின் காலடிக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். பழைய ஹையேஸ் பின்சக்கர இழுவை என்பதால் ஆட்கள் ஏற ஏற நன்றாக மேடேறும். ஆனால் ஆளில்லாமல் மழையில் வளைவு திரும்பினால் வாலை ஆட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாமலே இறுகிப்போன பழைய டயரோடு வரும் வாகனங்கள் நிறைய. ஈரத்தில் அவை பிடிக்காது.

மஸ்கெலியாக்காரர், கொழும்பில் வேலை: தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் கருகும் வாசம் வந்தது. குடும்பம் பெருகிவிட்டது, அடுத்தது வேன்தான். இன்னும் மோசமாகுமா?

பாரம் கூடினால் சூடும் கூடும், அதில் மாற்றமில்லை. ஆனால் குற்றம் வேனுடையதல்ல, காலுடையது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வார்கள். ஓட்டோ கியர் வாகனத்திலும் அதற்கு வழி உண்டு. என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா ஹைபிரிட்டில் கியர் பிடியில் பி என்ற நிலை இருக்கிறது, மற்றவற்றில் எல் அல்லது எஸ். இறக்கம் தொடங்கும்போதே அதற்கு மாற்றுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அந்த உதவி குறைந்துபோகும். டொயோட்டாவில் அப்போது என்ஜின் இரைந்து சுற்றி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து வழக்கமாக ஓட்டும் டி நிலைக்கு மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

வாசம் வந்தால் சமமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் தட்டு வளைந்துபோகும். பெடல் மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது, மேற்கொண்டு ஓட்டவே வேண்டாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இராகலைத் தாய் ஒருவர்: மகள் பின் வரிசையில் அமர்ந்தால் வாந்தி எடுக்கிறாள். குரொஸ்ஓவர் என்றால் சரியாகுமா?

தங்கச்சி, வாகனத்தை மாற்ற வேண்டாம், இருக்கையை மாற்றுங்கள். மூன்றாம் வரிசை பின்சக்கரத்துக்கு மேலோ பின்னாலோ இருப்பதால் அங்கே ஆட்டம் அதிகம், முன்னால் பாதையும் தெரியாது. நடு வரிசையில், முன் கண்ணாடி தெரிகிற மாதிரி அமர்த்துங்கள். கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள். உயரமான குரொஸ்ஓவரும் வளைவில் சாயத்தான் செய்யும்.

நுவரெலியா வாசகர்: பழைய ஹைபிரிட் வெசல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஏப்ரல் சீசனில் ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் சூடாகும் என்கிறார்களே?

உண்மைதான். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டிலும் 2016இல் வந்த ஃபிரீட் ஹைபிரிட்டிலும் இருப்பது இரட்டைக் கிளச் கியர்பெட்டி. ஆகவே இதில் வேனா குரொஸ்ஓவரா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்றத்தில் அக்சிலரேட்டரை மெல்ல மிதித்தபடி வண்டியைத் தொங்கவிட்டால் கிளச் உரசிச் சூடேறும், எச்சரிக்கை விளக்கு எரியும். பிரேக்கில் நிறுத்துங்கள், முன்னால் இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். 2021இல் வந்த புதிய வெசல் ஹைபிரிட்டில் அந்தக் கியர்பெட்டி இல்லை.

இன்னொன்று. நுவரெலியா ஏறக்குறைய 1868 மீற்றர் உயரம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத என்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தியை இழந்துதான் ஓடும். கொழும்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுவை நன்று என்று முற்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புத்தளை: அம்மாவுக்கு முழங்கால் வலி. எதில் ஏறுவது சுலபம்?

சறுக்குக் கதவுள்ள தாழ்ந்த வேன். ஒடுங்கிய சந்தில் மதிலை ஒட்டி நிறுத்தினாலும் கதவு முழுதாகத் திறக்கும். ஹையேஸ் மட்டும் வேண்டாம், படி உயரம்.

பூண்டுலோயா: விலை இறங்கும்வரை பொறுக்கலாமா?

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியும் கனமானது. விலையைப் பற்றி நான் சோதிடம் சொல்வதில்லை. லீசிங் தவணை கட்டிய பிறகு டயருக்கும் பிரேக்குக்கும் கையில் காசு மிஞ்சாதென்றால், ஒரு படி குறைந்த வாகனமாக வாங்குங்கள் ஐயா.

நானுஓயா: கடைசியாக ஒன்று, எந்த நிறம் நல்லது?

மூடுபனியில் வெள்ளையும் சாம்பலும் தெரியாது. சிவப்பு தெரியும். வீட்டில் சிவப்பு வேண்டாம் என்றால் என் பெயரை இழுக்காதீர்கள். எந்த நிறமானாலும் முன்விளக்கைத் தாழ்ந்த வெளிச்சத்தில் போட்டு ஓட்டுங்கள். நான்கு சிக்னலையும் மின்னவிட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.