சொல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறவர்

அன்புள்ள அக்கா,

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. இரண்டரை வருசமாக வீட்டில் பிள்ளை பார்க்கிறேன். இப்போது நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் இரண்டு பேருக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு ஆறு வயதுப் பெடியன் ஒருவனும் இரண்டு மணித்தியாலம் நிற்பான். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 45 டொலர் காசாக வாங்குகிறேன். போன மாதம் ஒரு தாய், “லைசென்ஸ் உள்ள இடத்தில் 22 டொலர்தான், இடம் கிடைத்தால் போய்விடுவேன்” என்று சொன்னார். என் சிநேகிதி லைசென்ஸ் உள்ள ஒரு பிள்ளைப் பராமரிப்பு ஏஜென்சியில் சேர்ந்துவிட்டு என்னையும் வரச் சொல்கிறாள். இவருக்கு விருப்பமில்லை. “ஆரோ வந்து எங்கட அலுமாரியைத் திறந்து பார்க்கவோ?” என்கிறார். இவரின் தம்பி பேஸ்மென்ரில் எங்களோடுதான் இருக்கிறார். வருகிற பிள்ளைகளை என் பிள்ளைகள் மாதிரித்தான் பார்க்கிறேன், இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. எனக்கு லைசென்ஸ் தேவைதானா? நீங்கள் முன்பு பிள்ளை பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விக்குப் போக முன் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு வயதுப் பெடியனின் தாயோடு இன்றைக்கே கதையுங்கள். மற்றப் பிள்ளைகள் நிற்கிற நேரத்தில் அவனை இனி எடுக்க முடியாது.

ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பது குற்றமில்லை. ஆனால் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த ஐந்து பேரில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. நாலு வயதாகாத உங்கள் சொந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். மகள் சேரமாட்டாள், சின்னவன் சேருவான். அவனோடு உங்கள் வீட்டில் ஏற்கனவே ஐந்து பேர். பெடியன் படியேறி வந்தவுடன் ஆறு. இரண்டு மணித்தியாலம்தானே என்று சட்டம் பார்க்காது. குற்றம் நிரூபணமானால் தண்டம் 250,000 டொலர் வரை போகலாம்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். 2015 ஓகஸ்ட் 31க்கு முன் கணக்கு வேறு. வெளிப்பிள்ளைகள் ஐந்து பேர், சொந்தப் பிள்ளைகள் சேர்த்தியில்லை. அந்தக் காலத்தில் பிள்ளை பார்த்தவர்கள் இன்றைக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். சட்டம் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 2013 ஜூலையில் வோன் நகரில், லைசென்ஸ் இல்லாமல், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை வைத்திருந்த ஒரு வீட்டுப் பராமரிப்பில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அரசின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அன்றைய ஒம்புட்ஸ்மன் அந்திரே மரின் விசாரித்து 2014 ஒக்டோபரில் 113 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அந்தச் செய்தி வந்த கிழமை என் வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். இரவு முழுக்க நித்திரை வரவில்லை. அவர்கள் படுத்து எழும்பிய பாயை மடிக்கக்கூட மனம் வராமல் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இனி லைசென்ஸ். உங்கள் சிநேகிதியிடம் இருப்பது லைசென்ஸ் அல்ல. லைசென்ஸ் ஏஜென்சியிடம் இருக்கிறது. அவர்கள் உங்கள் வீட்டைச் சோதித்து, உங்களோடு ஒப்பந்தம் எழுதுவார்கள். நீங்கள் சுயதொழில் செய்பவராகவே இருப்பீர்கள். ஆனால் அவர்களின் ஹோம் விசிற்றர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, சொல்லாமல், வந்து பார்ப்பார். உங்கள் கணவருக்குப் பிடிக்காதது இதுதான். எனக்கும் பிடித்திருக்கவில்லை. என் வீட்டில் இன்னொருத்தி வந்து குறை பிடிப்பதா என்று ரோசம் வந்தது.

நான் ஏஜென்சியில் சேர்ந்தபின் முதல்முறை ஹோம் விசிற்றர் வந்தபோது சோறு அவிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். வீடு துப்புரவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் வரவேற்பறையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவாமித் தட்டுக்குக் கீழே இருந்த சின்ன மேசையைக் காட்டினார். அதில் அம்மாவின் பிறஷர்க் குளிசைகள் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில், கிழமை நாட்களின்படி பிரித்து வைத்திருந்தன. நீலம், மஞ்சள், வெள்ளை. மூடியைப் பெருவிரலால் தட்டினால் திறக்கும். அம்மா கும்பிட்டுவிட்டுக் குளிசை போடுகிறவர், அதனால் அங்கே வைத்தார். இரண்டு வருசமாக அந்த இடத்தில் இருந்தது. நான் தினமும் அந்த மேசையைத் துடைத்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளையின் கைக்கு அது எட்டும் என்பது ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

தங்கச்சி, நீங்கள் “என் பிள்ளைகள் மாதிரி” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முழுதாக நம்புகிறேன். நானும் அப்படித்தான் பார்த்தேன். குளிசைப் பெட்டி அங்கே இருந்ததற்கு என் அன்பில் குறை காரணமில்லை. பழகின கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் நீங்கள் சேர வேண்டும் என்று சொல்கிறேன். 22 டொலர் எனக்கு இரண்டாவது காரணம்.

சேர்ந்தால் நாங்கள் வளர்ந்த சில வழக்கங்களை விட வேண்டிவரும். ஏணை கட்டிப் பிள்ளையை ஆட்டி நித்திரையாக்குவது முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை மல்லாத்தி, தொட்டிலில், தனியாகப் படுக்க வைக்க வேண்டும். இடையிடையே போய்ப் பார்க்கவும் வேண்டும். எனக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது சாப்பாடு. பிள்ளை வேண்டாம் என்றால் ஊட்டக்கூடாது. விருப்பமில்லாத பிள்ளையைச் சாப்பிடவோ குடிக்கவோ வைப்பதை ஒன்ராறியோ விதி, அடிப்பதோடு சேர்த்துத் தடை செய்த பட்டியலில் வைத்திருக்கிறது. முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. “இன்னும் ஒரு வாய், அம்மாச்சிக்கு ஒரு வாய்” என்று வாயில் வைத்து வளர்த்தவர்கள் கொடுமைக்காரர்களா? பிறகு ஒரு மத்தியானம், வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணால் தண்ணி வடிய இருந்த பிள்ளையைப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து அவளே வந்து என் கோப்பையில் இருந்த பருப்பும் சோறும் எடுத்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் வில்லங்கத்துக்கு ஊட்டவில்லை. என் பேரப்பிள்ளைக்கும் இல்லை.

தமிழ் கதைக்க ஒரு தடையும் இல்லை. பாட்டும் கதையும் வழமைபோல நடக்கட்டும். தமிழ்ப் பிள்ளையில்லாத ஒருவன் என் வீட்டில் “தண்ணி தாங்கோ” என்று கேட்கப் பழகினான். அவனின் தாய்க்கு அதில் இருந்த சந்தோசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கணவரின் தம்பியை மறந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் வசிக்கும் 18 வயது கடந்த எல்லோரும் பொலிஸ் சரிபார்ப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகள், முதியோர் போன்றவர்களோடு இருப்பவர்களுக்கான விசேட சரிபார்ப்பு அது. வெறும் கடிதம் போதாது. பேஸ்மென்ற் தனி வாசல் என்று சொல்லித் தப்ப நினைக்க வேண்டாம். அவர் சம்மதிக்காவிட்டால் முழு விண்ணப்பமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவரிடம் கணவர் கேட்பதுதான் முறை. உங்களுக்கும் ஒரு சரிபார்ப்பு, முதலுதவியும் குழந்தைகளுக்கான சி.பி.ஆரும் (மூச்சு நின்றால் செய்யும் உயிர்காப்பு முறை) படித்த சான்றிதழ், தடுப்பூசி விபரம் எல்லாம் கேட்பார்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். இப்போதே அறிவித்திருக்க வேண்டியது அது.

காசு விசயம். 22 டொலர் என்பது 2025 ஜனவரி 1 முதல் பெற்றோர் கொடுக்கும் ஆகக்கூடிய நாள் கட்டணம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அரசின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் இடங்களில் மட்டும். எல்லா ஏஜென்சியும் அதில் இல்லை, முதலில் அதைக் கேளுங்கள். 22ஐத் தான் உங்கள் கையில் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். அரசு ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறது. உங்களுக்கு வருவது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. அந்தத் தொகை உங்கள் 45க்குக் கிட்ட வருகிறதா, பிள்ளை வராத நாளுக்கும் அரச விடுமுறைக்கும் தருவார்களா, உங்களுக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளை எங்கே விடுவார்கள், ஒரு இடம் காலியானால் எவ்வளவு காலத்தில் ஆள் தருவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நான் நம்பி ஒரு கோடை முழுக்க இரண்டு பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன்.

ஏஜென்சியோடு சேர்ந்தால் ஆறு பிள்ளைகள் வரை வைத்திருக்கலாம். சின்னவனைக் கழித்தால் இப்போது ஐந்து, அவனுக்கு நாலு வயதானதும் ஆறு. அந்தப் பெடியனை விட்டால் இப்போது உங்களுக்குக் காசு வருவது நாலு பேருக்கு. பராமரிப்புக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவியில், அரச சப்சிடியில், இருக்கும் தாய்மார் இன்றைக்கு உங்களிடம் வர விரும்பினாலும் அந்தச் சப்சிடியோடு வர முடியாது. சேர்ந்தால் வரலாம். புதிதாக வந்து இறங்கி, வேலைக்குப் போகத் துடிக்கும் இளம் தாய்மார் அவர்களில் எத்தனை பேர்.

இன்னொன்றையும் நேரே சொல்லுகிறேன். ஏஜென்சியிலிருந்து வரும் வருமானம் மறைக்க முடியாத வருமானம். வரி கட்ட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்காக அரசு தரும் பிள்ளைக் காசு குறையும். சுயதொழில் என்பதால் சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் நீங்களே கட்ட வேண்டும். 3,500 டொலருக்கு மேலே, ஒரு எல்லை வரை, 11.9 சதவீதம். முதல் வருசம் அது கனமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கைக் கழிக்கலாம். வீடு வாங்கக் கடன் கேட்டுப் போகும்போது வருமானம் என்று காட்ட ஒரு கடுதாசி இருக்கும். நான் 65இல் கையில் எடுத்த பென்சனில் பெரும்பகுதி அந்த ஏஜென்சி வருசங்களில் கட்டியதுதான். காசாக வாங்கிய வருசங்கள் அதில் இல்லை. பிள்ளைகளைத் தூக்கி நோகிற நாரி மட்டும் எல்லா வருசங்களையும் வைத்திருக்கிறது.

சேருவதில்லை என்று இருவருமாக முடிவெடுத்தால், அதுவும் உங்கள் உரிமை. அப்போது லைசென்ஸ் இல்லை என்பதை ஒவ்வொரு பெற்றோருக்கும் எழுத்தில் கொடுத்து, கொடுத்த பதிவை வைத்திருங்கள். அதுவும் சட்டம். கேட்டால் ரசீது கொடுங்கள், அந்தத் தாய் தன் வரியில் கழிக்க அது தேவை. ஐந்தைத் தாண்டாதீர்கள்.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்து வைக்க முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துப் பார்க்கிறேன். அதற்கு முன் சின்னவனின் உயரத்துக்கு முழங்காலில் நின்று வீடு முழுக்க ஒருமுறை ஊர்ந்து பாருங்கள். மாமி போன்ற பெரியவர்கள் வந்து தங்கும் அறை இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா