பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தால் போதாதா? கட்டணம் கொடுத்து உள்ளே போக என்ன இருக்கிறது?

காப்ளி சதுக்கத்தில் இறங்கி, பக்கத்துக் கண்ணாடிக் கோபுரத்தில் சர்ச்சின் பிம்பம் தெரிவதைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம் என்று நினைக்கிறீர்கள் போல. ஊரிலிருந்து வரும் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. தயவுசெய்து உள்ளே போங்கள்.

மதப் பிரசாரம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் கிறிஸ்தவன் இல்லை. அஸ்திவாரம் போடுகிற சிவில் இன்ஜினியர். இந்தக் கட்டிடத்தின் மேல் எனக்குள்ள மரியாதை தரைக்குக் கீழே ஆரம்பிக்கிறது.

இது எபிஸ்கோப்பல் சபை, அதாவது அமெரிக்க விடுதலைக்குப் பிறகு இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து தனியான கிளை. ஆனால் இந்த ஆலயத்தின் சபை அதற்கும் முன்பே, 1733-இல் தொடங்கியது. பழைய ஆலயம் 1872 நவம்பரில் ஊரையே எரித்த பெருந்தீயில் போனது. புது இடமான பேக் பே, கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தை மண் கொட்டித் தூர்த்த பகுதி. அங்கே போய்க் கட்டிடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் அவ்வளவு கல்லை ஏற்றினார்! சுமார் 4,500 மரக்கட்டைகளை மண்ணில் அடித்து இறக்கி, நடுக்கோபுரத்தைத் தாங்கும் நான்கு தூண்களுக்கும் அடியில் கருங்கல்லில் பிரமிடு கட்டினார்கள். முதலில் வரைந்த உயரமான கோபுரத்தை இந்த மண் தாங்காது என்று, ஸ்பெயினின் சலமங்கா பேராலயத்தைப் பார்த்துக் குட்டையாக மாற்றினார். அந்தக் குட்டைத்தனம்தான் இன்று அதன் அழகு. மரக்கட்டை தண்ணீரில் மூழ்கியே இருக்கும்வரை மட்காது. நிலத்தடி நீர் இறங்கினால் ஆபத்து.

உள்ளே நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள சிலுவை வடிவம். போதகர் பிலிப்ஸ் புரூக்ஸ் பேச்சால் ஊரைக் கட்டிப்போட்டவர். எல்லோரும் அவர் முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படி ஓர் அமைப்பு. சுவரெல்லாம் அடர்சிவப்பு, அதன் மேல் ஓவியங்கள். ஓவியர் ஜான் லா ஃபார்ஜும் உதவியாளர்களும், 1877 பிப்ரவரி பிரதிஷ்டைக்குள் முடித்தாக வேண்டும் என்று, குளிரில் சாரத்தின் மேல் நின்று வரைந்தவை அவை. மேற்கே லா ஃபார்ஜின் கிறிஸ்து சன்னல் இருக்கிறது, நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடி. கிட்டே போய்ப் பாருங்கள், பல இடங்களில் தட்டையான தகடாக இல்லாமல் கட்டி கட்டியாகத் துருத்திக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் ஒவ்வொரு கட்டியும் வேறு வேறு நீலம்.

அப்புறம், நீங்கள் படம் எடுக்கப் போகிற அந்தக் கண்ணாடிக் கோபுரம். 60 மாடி, ஜான் ஹான்காக் கட்டிடம் என்று பெயர், 2015-இலிருந்து 200 கிளாரண்டன் என்கிறார்கள். அதற்குப் பள்ளம் தோண்டியபோது தடுப்புச்சுவர் உள்வாங்கி, மண் நகர்ந்து, சர்ச்சின் சுவர்களில் விரிசல் விட்டது. சபை வழக்குப் போட்டு, 1987-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில், தரைக்கடியில் கார் நிறுத்த ஒரு பில்டர் பள்ளம் தோண்டினார். தடுப்புச்சுவர் கிடையாது, இராப்பகலாக மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். எங்கள் கூடத்துச் சுவர் மூலைக்கு மூலை பிளந்தது. அப்பா போய்க் கேட்டதற்கு, “பழைய வீடு சார், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஊரில் பலருக்கும் இதே கதிதான். தோண்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து, அளந்து பதிவு செய்வது கட்டாயமாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருக்கட்டும்.

கட்டணம் பற்றிக் கேட்டீர்களே, அது பராமரிப்புக்குத்தான் போகிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போனால் யாரும் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது. சுற்றுலா என்றால் வார நாளில், மதியத்துக்கு மேல் போங்கள். மேற்குச் சன்னலில் அப்போதுதான் வெயில் விழும்.