1870-இல் டர்பன் போன கொள்ளுத் தாத்தா பெயர் கப்பல் பட்டியலில் இல்லை என்று கேட்டவருக்கு

1870-ஐ விட்டுவிடுங்கள். 1866-க்குப் பிறகு 1874 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருந்த தென்னாப்பிரிக்க பிரிட்டிஷ் காலனி) ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல் போகவில்லை. அவர் ஒப்பந்தத்தில் போனவர் என்றால் ஒன்று 1860–66-க்குள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் 1874-இலோ அதற்குப் பிறகோ.

வீட்டில் சொல்லிவந்த ஆண்டு குத்துமதிப்பாக இருக்கும். முதலில் போனவர்களில் சிலர் 1871-இல் ஊர் திரும்பி, அங்கே பட்ட கொடுமைகளைச் சொன்னார்கள். அதன்பேரில் 1872-இல் விசாரணைக் குழு அமைந்தது. பிறகுதான் கப்பல்கள் மறுபடி கிளம்பின. உங்கள் வீட்டு நினைவு அந்தத் திரும்பிய காலத்தையும் குறிக்கலாம்.

1860–66, 1874-க்குப் பிறகு என்ற இரண்டு காலத்தையும் கப்பல் பட்டியலில் தனித்தனியாகத் தேடுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனது அப்படித்தான். அதனால் பெயரோடு நிற்காமல் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகிய கட்டங்களையும் ஒப்பிடுங்கள். ஆள் கிடைத்ததும் காலனி எண்ணை (ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கொடுத்த பதிவு எண்) முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மற்ற பதிவுகளைத் தேட அந்த எண்தான் பிடி.

ஒன்று மட்டும் கவனம்: சொந்தக் காசில் பயணம் செய்தவர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் அது கப்பல் ஏறிய துறைமுகம், சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.